பல கோப்புகளை ஒரே ஷெல் ஸ்கிரிப்டுக்குள் கட்டி அனுப்ப முடியுமா?

கேட்டவர் சொல்வது இது: ஏழெட்டுக் கோப்புகள் ஒரே ஸ்கிரிப்டாக, அதாவது ஷெல் வரிசையாக ஓட்டும் கட்டளைகள் அடங்கிய ஒரே கோப்பாக, போக வேண்டும்; பெறுபவர் அதை ஓட்டியதும் அவை தாமே பிரிந்துகொள்ள வேண்டும்.

முடியும். வெறும் உரைக் கோப்புகள் என்றால் கோப்புகளை ஸ்கிரிப்டாகவே கட்டும் பழைய ‘ஷார்’ முறையே போதும். யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களின் காலத்தில் மூலநிரல்கள் இப்படித்தான் கைமாறின. ஒவ்வொரு கோப்பும் ‘ஹியர் டாக்குமென்ட்’ ஆக, அதாவது தொடக்கத்தில் அறிவித்த ஒரு முடிவுச்சொல் தனி வரியாக வரும்வரை நீளும் உரையாக, ஸ்கிரிப்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். வரிதோறும் முன்னால் ஒரு எக்ஸ் எழுத்து, பிரிக்கும்போது உரையைத் திருத்தும் ‘செட்’ கட்டளை அதை உரித்துவிடும். கோப்புக்குள் தற்செயலாக முடிவுச்சொல்லே தனி வரியாக இருந்தாலும் ஷெல் ஏமாறாமல் இருக்கத்தான் அந்த எக்ஸ். நீங்களே கையால் எழுதினால், தொடக்கத்தில் அந்த முடிவுச்சொல்லை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இல்லையென்றால் டாலர் குறியோடு வரும் மாறிகளையெல்லாம் பெறுபவரின் ஷெல் தன் மதிப்புகளால் நிரப்பிவிடும்; கோப்பு போய்ச் சேரும், ஆனால் அது நீங்கள் அனுப்பிய கோப்பாக இருக்காது.

படங்கள், பைனரிகள் போன்ற உரையல்லாத கோப்புகள் இருந்தால் நான் செய்வது வேறு. கோப்புகளை டார் கொண்டு ஒன்றாகக் கட்டி, ஜிஜிப் கொண்டு சுருக்கி ஒரே மூட்டையாக்கி, பத்துப் பதினோரு வரி ஸ்கிரிப்ட் ஒன்றின் வாலில் ‘கேட்’ கட்டளையால் ஒட்டிவிடுவேன். ஸ்கிரிப்ட் 11 வரி என்றால், அதற்குள் இருக்கும் ‘டெயில்’ கட்டளை அந்த ஸ்கிரிப்ட் கோப்பையே 12ஆம் வரியிலிருந்து படித்து டாரிடம் கொடுக்கும். 11ஆம் வரியில் ஸ்கிரிப்டை நிறுத்தும் ‘எக்ஸிட்’ கட்டாயம். அதை விட்டால் ஷெல் மூட்டையையும் கட்டளை என்று நினைத்துப் படிக்கப் போய், திரை முழுக்கக் குப்பை கொட்டும்.

ஒருமுறை எல்லாம் முடிந்த பிறகு, அழகுக்காக மேலே ஒரு குறிப்பு வரி சேர்த்துவிட்டுக் கட்டி அனுப்பினேன். மூட்டை 13ஆம் வரிக்கு நகர்ந்துவிட்டது. ‘டெயில்’ மட்டும் 12ஐயே பிடித்துக்கொண்டிருந்தது. ஜிஜிப்புக்கு முதலில் கிடைத்தது என் ‘எக்ஸிட்’ வரி. ‘இது ஜிஜிப் வடிவமே இல்லை’ என்று அது கைவிரித்தது. மூட்டைதான் கெட்டுவிட்டது என்று அரைநாள் அதைத் திரும்பத் திரும்பக் கட்டினேன். இப்போதெல்லாம் எண்ணைக் கையால் எழுதுவதில்லை. ஸ்கிரிப்டின் கடைசி வரியாக ஓர் அடையாளச் சொல்லை வைத்து, அது எந்த வரியில் இருக்கிறது என்று ஸ்கிரிப்டையே தேடவைக்கிறேன்.

இத்தனை தொல்லை வேண்டாம் என்றால், இதையே தானாகச் செய்யும் ‘மேக்செல்ஃப்’ என்ற கருவி இருக்கிறது. கோப்புறையைக் காட்டினால் கட்டித் தரும், சரிபார்ப்பு எண்ணையும் சேர்க்கும், பிரித்தவுடன் ஓடவேண்டிய கட்டளையையும் ஏற்கும். பெறுபவர் எதையும் பிரிக்காமல், அந்தக் கட்டளையையும் ஓட்டாமல், உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் பார்க்கவும் வழி உண்டு.

அந்தக் கடைசி வசதி முக்கியம். யாரோ அனுப்பிய ஸ்கிரிப்டை ஓட்டுவதும் வெறும் டார் கோப்பைத் திறப்பதும் ஒன்றல்ல. நான் பெறுபவனாக இருந்தால் முதலில் ‘ஹெட்’ கட்டளை போட்டு மேல்வரிகளைப் படித்துவிட்டுத்தான் ஓட்டுவேன். நிறுவும் வேலை ஏதும் இல்லாத நாலு ஆவணங்கள் என்றால் டார் கோப்பாகவே அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று: கட்டிய கோப்பை எடிட்டரில் திறந்து சேமிக்காதீர்கள், வாலில் இருக்கும் மூட்டை பாழாகிவிடும்.