நவம்பரில் தொடங்கும் ஃபுட்டி: காலிங்வுட் பயிற்சி பற்றிய கேள்வி பதில்

ஆஸ்திரேலிய ஃபுட்டியில் கோடைக்காலப் பயிற்சியைப் பற்றியும் (அங்கே கோடை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை), யார் எந்த இடத்தில் ஆடுவது என்பதைப் பற்றியும் பலர் கேட்டிருந்தீர்கள். நான் பல வருடமாக உன்னிப்பாகப் பார்த்துவரும் அணி மெல்பர்னின் காலிங்வுட். அதனால் பதில்களும் பெரும்பாலும் அந்த அணியை வைத்தே இருக்கும்.

கேள்வி: நான் இந்த ஆட்டத்துக்குப் புதுசு. ஒரு பக்கத்துக்கு 18 பேர் என்கிறார்கள். டிவியில் பார்த்தால் எல்லோரும் பந்துக்குப் பின்னால் ஓடுவது போலத்தான் தெரிகிறது. யார் எங்கே நிற்பார்கள்?

ஆஃப்சைடு கிடையாது, யாரும் எங்கும் ஓடலாம். அதனால்தான் அப்படித் தெரிகிறது. ஆனால் கோல் விழுந்து ஆட்டம் நடுவிலிருந்து மறுபடி தொடங்கும்போது கவனியுங்கள். 2019 முதல் இருக்கும் விதிப்படி, ஒவ்வொரு அணியும் பின்னால் 6, நடுவே 6, முன்னால் 6 பேராக நிற்கவேண்டும். பின்வரிசையில் ஃபுல் பேக், இரண்டு பக்கமும் பேக் பாக்கெட், அவர்களுக்கு முன்னால் சென்டர் ஹாஃப் பேக்கும் இரண்டு ஹாஃப் பேக் ஃப்ளாங்கும். முன்வரிசையும் இதே அமைப்புதான். நடுவே நான்கு பேர் சென்டர் ஸ்கொயருக்குள்: மேலே போடும் பந்தை எகிறித் தட்டும் உயரமான ரக்மேன் ஒருவர், மிட்ஃபீல்டர் மூவர். மிச்சம் இருவரும் இரண்டு பக்கமும் விங். இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கோல் அடிப்பவர், தடுப்பவர், நடுவே பந்தைப் பிடுங்குபவர், ஓரமாக ஓடி இணைப்பவர் என்று பிரித்துப் பார்த்தாலே ஆட்டம் புரிந்துவிடும்.

கேள்வி: போட்டிகள் மார்ச்சில்தானே? நவம்பரிலேயே எதற்குப் பயிற்சி?

கிராண்ட் ஃபைனல் வழக்கமாக செப்டம்பர் கடைசி சனிக்கிழமை. அதன்பிறகு ஓய்வு. நவம்பரில் முதல் நான்கு ஆண்டுகளுக்குள் இருக்கும் இளம் வீரர்கள் முதலில் திரும்புவார்கள், மூத்தவர்கள் கொஞ்சம் பின்னால் வந்து சேர்வார்கள். டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எடுத்த பையன்களும் அதே சமயத்தில் வருவார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து ஜனவரியில் பயிற்சி சூடுபிடிக்கும். பிப்ரவரியில் தங்களுக்குள்ளேயே பிரிந்து ஆடும் மேட்ச் சிமுலேஷன், அப்புறம் மற்ற அணிகளுடன் பயிற்சி ஆட்டம்.

இவ்வளவு காலம் தேவைப்படுவதற்குக் காரணம் உடம்பு. ஒரு மிட்ஃபீல்டர் ஒரு ஆட்டத்தில் 12 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவார். நடுவே முழு வேகப் பாய்ச்சல், மோதல், எகிறிக் குதித்துப் பந்தைப் பிடிப்பது எல்லாம் உண்டு. வெளியே போய் மூச்சு வாங்கிவிட்டு வரலாம் என்றால், ஓர் ஆட்டத்துக்கான இன்டர்சேஞ்ச் மாற்றங்களை 2021-இல் 75 ஆகக் குறைத்துவிட்டார்கள். களத்திலேயே தாக்குப்பிடிக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் அதிகம் வரும் காயம் ஹாம்ஸ்ட்ரிங், அதாவது பின்தொடைத் தசை கிழிவது. ஓய்விலிருந்து வந்தவரைத் திடீரென்று முழு வேகத்தில் ஓடவிட்டால் முதலில் போவது அதுதான். எனவே வேக ஓட்டத்தை வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுவார்கள். இரு தோள்பட்டைக்கும் நடுவே சின்னப் பையில் ஜிபிஎஸ் கருவி வைத்து ஓடுவதும் இந்த அளவைக் கண்காணிக்கத்தான்.

கேள்வி: 2 கிலோமீட்டர் டைம் ட்ரையலில் எனக்குப் பிடித்த வீரர் கடைசியில் வந்தார். கவலைப்படலாமா?

எந்த இடத்தில் ஆடுகிறார் என்று பார்த்துவிட்டுக் கவலைப்படுங்கள். 2 கிலோமீட்டரை ஆறு நிமிடத்துக்குள் முடிப்பவர் அபாரமான ஓட்டக்காரர், பெரும்பாலும் விங் அல்லது மிட்ஃபீல்டர். கோலுக்கு எதிரே நிற்கும் ஃபுல் ஃபார்வர்டுக்குத் தேவை முதல் பத்து மீட்டரின் வேகமும் தோள் பலமும்தான். அவர் பின்தங்கினால் எனக்கு ஒன்றும் தோன்றாது. விங் ஆடுபவர் போன வருடத்தைவிட மெதுவாக ஓடினால்தான் காரணம் தேடுவேன். டிசம்பர் ஓட்ட முடிவுகளுக்கு நம் ஊடகங்கள் கொடுக்கும் இடம் ரொம்பவே அதிகம்.

கேள்வி: அப்படியானால் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனிப் பயிற்சியா?

பாதி நேரம் பொது, பாதி நேரம் தனி. தனியாகப் பிரியும்போதுதான் பார்க்க வேண்டும். ஒரு மூலையில் ரக்மேன்கள். பயிற்சியாளர் பந்தை மேலே எறிய, இருவர் எகிறி, ஒருவர் உடம்பை ஒருவர் தாங்கி, விரல் நுனியால் தட்டுவார்கள். தட்டுவது மட்டும் போதாது. கீழே ஓடிவரும் மிட்ஃபீல்டரின் கைக்கு அது போகவேண்டும், எந்தத் திசைக்கு என்று முன்கூட்டியே சைகை இருக்கும். இன்னொரு பக்கம் டிஃபெண்டர்கள். உயர வரும் பந்தை, எதிராளி பிடிக்கும் முன் பின்னாலிருந்து முஷ்டியால் குத்தி வெளியே தள்ளும் ஸ்பாயில். கை எதிராளியின் தோளில் பட்டால் ஃப்ரீ கிக் போய்விடும், எனவே பந்தை மட்டுமே தொடவேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். கோல் எதிரே ஃபார்வர்டுகள், மார்க் பிடித்து (உதைத்து வரும் பந்தைத் தரையில் படாமல் பிடிப்பது) நின்று 30 விநாடிக்குள் கோல் உதைத்துப் பழகுவார்கள். களைத்த காலோடு உதைப்பதுதான் உண்மையான பயிற்சி என்பதால் ஓடவிட்ட பிறகே இதை வைப்பது நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: ஃபார்வர்டை டிஃபெண்டராக மாற்றுவது, விங்கை ஹாஃப் பேக் ஆக்குவது எல்லாம் சூதாட்டம் மாதிரி இல்லையா?

இல்லை. ப்ரீ-சீசனின், அதாவது சீசனுக்கு முந்தைய இந்தப் பயிற்சிக் காலத்தின், மிகச் சிறந்த பலனே இதுதான் என்று நினைக்கிறேன். டார்சி மூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 டிராஃப்டில், தந்தை பீட்டர் மூர் ஆடிய அணி என்ற உரிமையில் வந்தவர், ஆரம்பத்தில் ஃபார்வர்டு. பின்வரிசைக்குப் போன பிறகுதான் மலர்ந்தார். 2020-இல் அந்த வருடத்தின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல் ஆஸ்திரேலியன் கௌரவ அணியில் இடம், 2023-இல் கேப்டன். எந்தக் கணத்தில் ஃபார்வர்டு பாய்வான் என்பதை ஃபார்வர்டாக ஆடியவர் உள்ளிருந்து அறிவார். ஜெரமி ஹாவும் அப்படித்தான். மெல்பர்ன் அணியில் முன்வரிசையில் நின்று அந்தரத்தில் மார்க் பிடித்துப் பெயர் வாங்கியவர், காலிங்வுட்டில் பின்வரிசைத் தூண். நேர் எதிர்த் திசையில் போனவர் பிராடி மிஹோசெக். விஎஃப்எல் என்ற கீழ்நிலை லீகில் டிஃபெண்டர், காலிங்வுட்டுக்கு வந்து ஃபார்வர்டு.

நிக் டெய்கோஸ் கதை இன்னும் சுவாரசியம். பிறவி மிட்ஃபீல்டர் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் 2022-இல் அவரை ஹாஃப் பேக்கில் ஆடவைத்தார்கள். அங்கே நின்றால் முழு ஆட்டமும் கண்ணெதிரே விரியும், பெரியவர்களின் மோதலுக்கு உடம்பு தயாராக அவகாசமும் கிடைக்கும். அந்த வருடமே சிறந்த இளம் வீரருக்கான ரைசிங் ஸ்டார் விருது வாங்கினார். நடுவே இறக்கியது அதற்குப் பிறகுதான். பொறுமையாகச் செய்த முடிவு, அதைப் பாராட்டியே ஆகவேண்டும்.

இந்த மாற்றங்களைச் சீசன் நடுவே புள்ளிகளைப் பணயம் வைத்துச் செய்வதைவிட, பிப்ரவரியில் செய்து பார்ப்பது எவ்வளவோ மேல்.

கேள்வி: நல்ல ரக்மேன் இருவர் இருந்தால் இரட்டைப் பலம்தானே?

அப்படி அமைவது கடினம். 2022 முடிவில் ரக்மேன் பிராடி கிரண்டி காலிங்வுட்டை விட்டு மெல்பர்ன் அணிக்குப் போனார். அங்கே ஏற்கெனவே ரக்மேன் மேக்ஸ் கான். ஒருவர் ரக் ஆடும்போது மற்றவர் முன்வரிசையில் கோல் அடிக்கவேண்டும், அது கைகூடவில்லை. ஒரே வருடத்தில் கிரண்டி சிட்னிக்கு மாறினார். காலிங்வுட்டில் காலியான இடத்தை டார்சி கேமரன் பிடித்துக்கொண்டார்.

கேள்வி: ஒப்பந்தமே இல்லாமல் பயிற்சிக்கு வருபவர்களுக்கு உண்மையில் வாய்ப்பு உண்டா?

உண்டு. ஓலெக் மார்கோவை கோல்ட் கோஸ்ட் அணி 2022 முடிவில் விடுவித்தது. காலிங்வுட்டோடு பயிற்சி செய்து, 2023 பிப்ரவரியில் அணியின் வீரர் பட்டியலில் இடம் பிடித்தார். அதே வருடம் செப்டம்பர் 30 அன்று பிரிஸ்பேனை 4 புள்ளியில் வென்ற கிராண்ட் ஃபைனலில் ஆடினார். கோடைப் பயிற்சியை யாராவது வெறும் சடங்கு என்றால் நான் இவரைத்தான் காட்டுவேன்.

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறோம். மகனுக்கு ஒன்பது வயது, சிறுவர்களுக்கான ஃபுட்டி பயிற்சியான ஆஸ்கிக் போகிறான். வாரம் ஒரு இடத்தில் ஆடவிடுகிறார்கள். ஒரே இடத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்கலாமா?

வேண்டாங்க. பையன் எவ்வளவு உயரம் வளர்வான் என்றே இன்னும் தெரியாது. எல்லா இடத்திலும் ஆடட்டும். வீட்டில் ஒன்று மட்டும் செய்யுங்கள்: இடது, வலது இரண்டு காலாலும் உதைக்கப் பழக்குங்கள். எந்த இடத்துக்குப் போனாலும் அது உதவும்.

கேள்வி: பயிற்சியை நேரில் பார்க்க முடியுமா? என்ன கவனிக்க வேண்டும்?

எம்சிஜி (மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம்) பக்கத்திலேயே, ஒலிம்பிக் பார்க் ஓவலில்தான் காலிங்வுட் பயிற்சி. பொதுமக்களை அனுமதிக்கும் நாட்களை அணி அறிவிக்கும். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், ஜனவரி வெயில் சாதாரணமில்லை. மேட்ச் சிமுலேஷன் என்றால் சென்டர் ஸ்கொயருக்குள் முதலில் நுழையும் நான்கு பேர் யார் என்று பாருங்கள். ஓரமாகத் தனியே ஓடுபவர்கள் காயத்திலிருந்து தேறுபவர்கள். போன வருடம் ஒரு வரிசையில் ஆடியவர் இப்போது வேறு வரிசையோடு பயிற்சி செய்தால், அவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.