வாசகர் கேள்வி–பதில்: ஆட்டத்தைத் தொடங்குபவரா, முடித்துவைப்பவரா?

கேள்வி: அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் ஆட்டங்களைச் சில ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். மணிக்கு 98 மைல் வேகத்தில் வீசக்கூடிய இளம் பிட்சர் (பந்தை வீசுபவர்) ஒருவர் கிடைத்தால், அவரை ஆட்டத்தைத் தொடங்கும் ‘ஸ்டார்ட்டர்’ ஆக வளர்ப்பதா, ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸ்களில் இறங்கும் ‘ரிலீவர்’ ஆக வைத்துக்கொள்வதா என்ற விவாதம் ஓயாமல் நடக்கிறது. தங்கள் கருத்து என்ன?

பதில்: அவரைத் தொடங்க விட வேண்டும். அவரால் முடியாது என்று எதிரணி பேட்டர்கள் காட்டும் வரை அந்த வாய்ப்பை அவரிடமிருந்து பறிக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

முதற்காரணம் வேலையின் அளவு. ஒரு பருவத்தில் ஓர் அணி 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஓர் இன்னிங்ஸில் ஒவ்வோர் அணியும் மூன்று பேர் அவுட் ஆகும் வரை பேட் செய்கிறது. ஐந்து பேர் முறைவைத்துத் தொடங்கும் அணியில், காயமின்றி இருக்கும் ஸ்டார்ட்டர் முப்பதுக்குச் சற்று மேற்பட்ட ஆட்டங்களைத் தொடங்கி, ஏறத்தாழ 180 இன்னிங்ஸ் வீசிவிடுவார். ரிலீவர் எழுபது ஆட்டங்களில் இறங்கினாலும் பெரும்பாலும் ஆட்டத்துக்கு ஓர் இன்னிங்ஸ்தான் வீசுகிறார் என்பதால், அவருடைய மொத்தக் கணக்கு எழுபதைத் தாண்டுவது அரிது. ஒன்பதாம் இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன் முன்னிலையைக் காப்பது, இரண்டாம் இன்னிங்ஸில் வீசுவதைவிட எடை கூடிய பொறுப்பு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் முதல் இன்னிங்ஸில் விட்டுக்கொடுத்த ரன்னும் கணக்கில் ஒரு ரன்தான். தொடக்கத்திலேயே மூன்று நான்கு ரன்களைக் கொடுத்துவிடும் அணிக்கு, இறுதியில் காப்பதற்கு முன்னிலை என்று எதுவும் மிஞ்சாது.

ஆனால் வேகம் மட்டும் ஒருவரை ஸ்டார்ட்டர் ஆக்கிவிடாது. ஆறு இன்னிங்ஸ் வீசுபவர், ஒன்பது பேர் கொண்ட பேட்டிங் வரிசையைப் பொதுவாக மூன்றாம் முறையும் சந்திக்க நேர்கிறது. முதல் முறை திணறிய பேட்டர், பந்து கையிலிருந்து விடுபடும் இடத்தையும் அது திரும்பும் விதத்தையும் மூன்றாம் முறைக்குள் படித்துவிடுகிறார். பிட்சரின் கையும் அதற்குள் சற்றுக் களைத்திருக்கும். அந்த நேரத்தில் காட்டுவதற்குப் புதிதாக ஒன்று வேண்டும். வேகமாக வரும் ஃபாஸ்ட்பாலும் பக்கவாட்டில் திரும்பும் ஸ்லைடரும் மட்டுமே வைத்திருக்கும் வலக்கைப் பிட்சரின் ஸ்லைடர், இடக்கை பேட்டரை நோக்கித் திரும்பி வருவதால் அவருக்கு அது அடிக்க வசதியாகிவிடுகிறது. அவரிடமிருந்து விலகிச் செல்லும், வேகம் குறைந்த சேஞ்சப் பந்து ஒன்று கைவசம் இருந்தால்தான் வரிசை முழுவதையும் மீண்டும் மீண்டும் எதிர்கொள்ள முடியும். ஆகவே ஓர் இளைஞரின் இடம் எது என்று கேட்பவர்கள், அவருடைய வேகத்தைப் பார்ப்பதற்கு முன் மூன்றாவது பந்துவகையைப் பார்க்க வேண்டும். கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு ஒரு நினைவூட்டலும் தேவை: வெளியே அனுப்பப்பட்ட பிட்சர், அந்த ஆட்டத்தில் மீண்டும் வந்து வீச முடியாது. இன்னொரு ‘ஸ்பெல்’ என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

என் கருத்துக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் பெயர் மரியானோ ரிவேரா. நியூயார்க் யாங்கீஸ் அணியின் குளோசராக (ஆட்டத்தை முடித்துவைக்கும் ரிலீவராக) மொத்தம் 652 சேவ்கள் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்ததற்கான கணக்கு) எடுத்து, 2019-இல் வாக்களித்த அனைவராலும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு பேஸ்பாலின் புகழரங்கமான ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்த முதல் வீரர் அவர். அவரை ஸ்டார்ட்டராக வீணடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறார்கள். ஆனால் 1995-இல் முதன்முதலில் மேஜர் லீகுக்கு வந்தபோது யாங்கீஸ் அவரைப் பத்து ஆட்டங்களில் தொடங்க வைத்துப் பார்த்தது. அது சரிவரவில்லை, அந்தப் பருவத்தில் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன்களின் சராசரி 5.51. அடுத்த ஆண்டு, குளோசர் ஜான் வெட்லேண்டுக்கு முன்னால் இறங்கும் ரிலீவராக நூறு இன்னிங்ஸுக்கு மேல் வீசி, அந்தச் சராசரியை 2.09 ஆகக் குறைத்தார். 1997-இல் குளோசர் ஆனார். கடைசி நேரத்தில் சற்றே விலகும் அவருடைய புகழ்பெற்ற கட்டர் பந்தும் அந்த ஆண்டில்தான் கைகூடியது. ஏறக்குறைய ஒரே பந்துவகையை நம்பி வீசிய அவருக்கு ஓர் இன்னிங்ஸ் என்ற அளவு மிகப் பொருத்தமாக அமைந்தது. எனவே ரிவேராவின் கதை எனக்கு எதிரான சான்று அன்று. தொடக்க வாய்ப்பு கொடுத்துப் பார்த்த பிறகே அவருக்கு உரிய இடம் தெரிந்தது.

கேள்வி: மூன்றாம் முறை பேட்டர்கள் எழுந்துவிடுவார்கள் என்றால், ஸ்டார்ட்டரை அதற்கு முன்பே எடுத்துவிடுவது எப்போதும் சரிதானா?

பதில்: எப்போதும் சரியன்று. மேஜர் லீகின் இறுதிப் போட்டித் தொடரான உலகத் தொடரில், 2020-இன் ஆறாவது ஆட்டம் என் மனத்தைவிட்டு இன்னும் அகலவில்லை. டாம்பா பே ரேஸ் அணியின் ஸ்டார்ட்டர் பிளேக் ஸ்னெல், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு எதிராக 73 பந்துகளே வீசி, இரண்டு ஹிட்கள் (பேட்டரைப் பேஸுக்குக் கொண்டுசேர்த்த அடிகள்) மட்டுமே கொடுத்து, ஒன்பது பேரை ஸ்ட்ரைக்-அவுட் (பந்தைக் களத்துக்குள் அடிக்க விடாமல் அவுட்) செய்திருந்தார். டாட்ஜர்ஸ் வரிசையின் முதல் மூவரும் தலா இரண்டு முறை வந்து ஆறு முறையும் ஸ்ட்ரைக்-அவுட் ஆகியிருந்தனர். ஆறாம் இன்னிங்ஸில், 1–0 என்ற முன்னிலையில், அந்த மூவரின் மூன்றாம் முறை தொடங்க இருந்தபோது அவர் வெளியே எடுக்கப்பட்டார். அடுத்து வந்த ரிலீவரின் பந்தில் மூக்கி பெட்ஸ் இரண்டாம் பேஸை எட்டும்படி அடித்தார். முன்னிலை அந்த இன்னிங்ஸிலேயே கைமாறியது. 3–1 என்று வென்று டாட்ஜர்ஸ் கோப்பையையும் எடுத்துக்கொண்டது. சராசரிக் கணக்கு நூறு பிட்சர்களைப் பற்றியது. அன்று மைதானத்தில் நின்றவர் ஒருவர்தான், அவர் களைத்ததற்கான அடையாளம் எதையும் நான் காணவில்லை.

இதே கணக்கிலிருந்து பிறந்த இன்னொரு வழி எனக்கு ஏற்புடையதே. 2018 மே மாதத்தில் அதே ரேஸ் அணி, ரிலீவரான செர்ஜியோ ரோமோவை முதல் இன்னிங்ஸுக்கு மட்டும் வீசவைத்து, நீண்ட நேரம் வீசக்கூடியவரை அதன்பின் இறக்கியது. வரிசையின் வலுவான முன்வரிசை பேட்டர்களை, பின்னர் வருபவர் ஒருமுறை குறைவாகச் சந்திக்க இது உதவுகிறது. நல்ல ஸ்டார்ட்டர்கள் போதாத அணிக்கு இது பயனுள்ள ஏற்பாடு.

கேள்வி: ஒரே பிட்சரை இரண்டு வேலைகளுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது அவருடைய கையைக் கெடுக்காதா?

பதில்: மாற்றுவதைவிட, எப்போது மாற்றுகிறோம் என்பதில்தான் என் கவலை இருக்கிறது. ஸ்டார்ட்டர் நான்கைந்து நாள் இடைவெளியில் நூறு பந்துகள் வரை வீசப் பழகியவர். ரிலீவர் அடுத்தடுத்த நாள்களிலும் இருபது பந்துகளை முழு வேகத்தில் வீசப் பழகியவர். இந்த இரண்டு பழக்கங்களையும் பருவத்தின் நடுவில் இடம்மாற்றுவது கடினம். யாங்கீஸின் ஜோபா சேம்பர்லைன் 2007-இல் ரிலீவராக வந்து 24 இன்னிங்ஸில் 0.38 என்ற சராசரியுடன் அசத்தினார். 2008-இல் பருவத்தின் நடுவே ஸ்டார்ட்டர் ஆக்கப்பட்டு, தோள் வலியால் இடையில் நின்றார். 2009-இல் ஸ்டார்ட்டராகவே வீசியும் சராசரி 4.75 ஆக உயர்ந்தது. 2010-இல் மீண்டும் ரிலீவர் ஆனார். 2011-இல் முழங்கையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இந்த மாற்றங்கள்தாம் காயத்துக்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இளைஞருக்கு எந்த வேலையிலும் நிலைகொள்ளப் போதிய காலம் கொடுக்கப்படவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

கிறிஸ் சேலின் வழி வேறாக இருந்தது. 2010, 2011 ஆகிய பருவங்களில் சிகாகோ ஒயிட் சாக்ஸின் ரிலீவராக இருந்தவர், 2012-இல் பருவத்தின் தொடக்கத்திலிருந்தே ஸ்டார்ட்டர் ஆனார். அந்த மே மாதம் முழங்கையில் சிறு வலி என்று அணி அவரை மீண்டும் ரிலீவராக்க முனைந்தபோது, அவரே வற்புறுத்தித் தம் இடத்தைத் திரும்பப் பெற்று, அந்தப் பருவத்தில் 17 ஆட்டங்களை வென்றார் (அணி வெல்லும் ஆட்டத்தின் வெற்றி ஒரு பிட்சரின் பெயரில் பதிவாகும்). பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் 2024-இல், அட்லாண்டாவுக்காக வீசி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் பெற்றார்.

கேள்வி: அப்படியானால் ரிலீவர் ஆவது பதவி இறக்கம்தானே?

பதில்: ஊதியத்தில் ஸ்டார்ட்டருக்கே பொதுவாகக் கை ஓங்கியிருக்கிறது, மதிப்பில் அப்படிச் சொல்ல முடியாது. 1978-இல் ஸ்டார்ட்டராக 20 வெற்றிகள் பெற்ற டென்னிஸ் எக்கர்ஸ்லி, 1987-இல் ஓக்லண்டுக்கு வந்தபின் ரிலீவராக மாறி, 1992-இல் 51 சேவ்களுடன் சை யங் விருதையும் மிகச்சிறந்த வீரர் விருதையும் ஒரே ஆண்டில் வென்றார். அட்லாண்டாவின் ஜான் ஸ்மோல்ட்ஸ் 1996-இல் 24 வெற்றிகள் பெற்றவர். முழங்கை அறுவைச் சிகிச்சையால் 2000-ஆம் ஆண்டுப் பருவம் முழுவதையும் இழந்து, பின்னர் குளோசராகி, 2002-இல் 55 சேவ்கள் எடுத்தார். 2005-இல், 38 வயதை எட்டும் பருவத்தில், மறுபடியும் ஆட்டங்களைத் தொடங்க வந்து, 220 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார்.