செரடோனின் கதை பொய் என்றால் மாத்திரையும் பொய்யா?

அன்புள்ள சார்,

என் தம்பிக்கு 27 வயது. மன அழுத்தத்துக்கு இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான். போன வாரம் ஒரு வீடியோ பார்த்தான். ‘இந்த நோய்க்கும் செரடோனின் என்ற மூளை ரசாயனத்துக்கும் சம்பந்தமே இல்லை, ஆராய்ச்சியே சொல்லிவிட்டது’ என்று அதில் ஒருவர் பேசுகிறார். அன்று இரவே மாத்திரை அட்டையைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டான். நான் சண்டை போட்டதும் உங்கள் கட்டுரையைக் காட்டினான். வேலையின்மை, கடன், தனிமை எல்லாம் மனதை நோயில் தள்ளுகின்றன என்று எழுதியிருந்தீர்களே, அதுதான். ‘என் பிரச்சினை சமூகத்தில் இருக்கிறது, மூளையில் இல்லை’ என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அட்டையை எடுத்துத் துடைத்து என் பையில் வைத்திருக்கிறேன். ஆராய்ச்சி உண்மையில் என்னதான் சொல்கிறது?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் தம்பியை நாளைக்கே பேச வையுங்கள். இரண்டு வருடம் சாப்பிட்டதை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. அதற்காக நீங்களே வற்புறுத்தி மறுபடி கொடுக்கவும் வேண்டாம். எந்த அளவில் தொடர்வது என்பதை மருத்துவர் சொல்லட்டும். ‘செத்துப்போனால் தேவலை’ என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள், தனியாக விடாதீர்கள்.

என் நண்பர் ஒருவர் இப்படித்தான் திடீரென்று நிறுத்தினார். மூன்றாம் நாளிலிருந்து, தலையைத் திருப்பினால் உள்ளே சுரீரென்று கரண்ட் அடிப்பது போல் இருக்கிறது என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போனார். தூக்கம் போயிற்று, கதவு சாத்துகிற சத்தத்துக்குக்கூட எரிந்து விழுந்தார். நோய் திரும்பிவிட்டது என்று அவரும் பயந்தார், நாங்களும் பயந்தோம். மருந்தைச் சட்டென்று விட்டதால் வந்த தொந்தரவு அது. பிறகு மருத்துவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஐந்தாறு மாதத்தில் முழுக்கவே விட்டுவிட்டார். இதைத் தம்பியிடம் சொல்லுங்கள். விட வேண்டும் என்று அவர் நினைப்பதில் தப்பில்லை. விடுவதற்கு ஒரு முறை இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, ஆராய்ச்சிக்கு வருவோம். வீடியோக்காரர் எதை வைத்துப் பேசியிருப்பார் என்று தெரிகிறது. 2022 ஜூலையில் ஜோவன்னா மான்கிரீஃப் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, செரடோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றார்கள். பல நாடுகளில் பெரிய செய்தியானது. ஆனால் மாத்திரை பலன் தருகிறதா என்பதை அந்தக் கட்டுரை ஆராயவே இல்லை. இன்னொன்றும் உண்டு. மான்கிரீஃப் இந்த மருந்துகளைப் பல வருடங்களாகக் கடுமையாக விமர்சித்து வருபவர். அவரே திடீரென்று நிறுத்தாதீர்கள், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள் என்றுதான் சொல்கிறார். வீடியோவில் அந்த வரி வந்திருக்காது.

மாத்திரையின் பலனைப் பற்றிய ஆய்வு வேறு. 2018இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. 522 பரிசோதனைகள், 1,16,477 பேர், 21 மருந்துகள். 21 மருந்துகளுமே, ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும் மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தந்திருந்தன. சராசரியாகப் பார்த்தால் பலன் மிதமானதுதான். அதுவும் பெரும்பாலும் எட்டு வாரக் கணக்கு. சிலருக்கு மருந்து நன்றாகக் கேட்கிறது, சிலருக்கு மாற்றி மாற்றிக் கொடுத்த பிறகு கேட்கிறது, சிலருக்குக் கேட்பதே இல்லை. தம்பி இதில் எந்த வகை என்பது ஆய்வுக் கட்டுரையில் கிடைக்காது. இந்த இரண்டு வருடத்தில் அவர் எப்படி இருந்தார் என்று கூடவே இருந்து பார்த்த உங்களுக்குத் தெரியும்.

நோயின் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டு யாரும் இந்த மருந்துகளைச் செய்யவில்லை. 1952இல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு ஐப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலுக்காகக் கொடுத்தது. சுருண்டு கிடந்தவர்கள் பசிக்கிறது என்றார்கள், உற்சாகமாக நடமாடினார்கள். அப்புறம்தான் அதை மனச்சோர்வுக்குக் கொடுத்தார்கள். அது ஏன் வேலை செய்கிறது என்று யோசிக்கப்போய், மூளையில் ரசாயனம் குறைகிறதோ என்ற ஊகம் 1960களில் வலுப்பெற்றது. அந்த ஊகத்தைத்தான் மருந்து விளம்பரங்கள் பிற்பாடு முடிவான உண்மை போலப் பரப்பின. பல மருத்துவர்களும் நோயாளியின் குற்ற உணர்வைக் குறைக்க அதையே சொன்னார்கள். ஆகவே தம்பிக்கு வந்த கோபம் நியாயமானது. எளிமையாகப் புரிய வைக்கிறேன் என்று அரைகுறையான ஒன்றை அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். விளக்கம் பிழையாகப் போனது, மருந்து அதற்கு முன்பும் பின்பும் அதே மருந்துதான்.

நீங்கள் ‘மன அழுத்தம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். பரீட்சைக்கு முந்தின நாள் பதற்றத்துக்கும் அந்தச் சொல், மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடப்பதற்கும் அதே சொல். இரண்டாவதை மனச்சோர்வு என்று பிரித்துச் சொல்லப் பழகினால் நல்லது. முதலாவதை ஓய்வெடுத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்பதால் இரண்டாவதையும் அப்படியே நினைத்துவிடுகிறார்கள்.

இனி என் கட்டுரை. உங்கள் கடிதத்தின் அந்த இடத்தை மூன்று நான்கு முறை படித்தேன். கட்டுரையில் எழுதியதை நான் திரும்பப் பெறவில்லை. எழுதாமல் விட்டதற்குத்தான் வருந்துகிறேன். காரணங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, ஏற்கெனவே சிகிச்சையில் இருக்கிற ஒருவர் இதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று யோசிக்கவில்லை. அந்தக் கட்டுரையின் மேலேயே ஒரு குறிப்பு சேர்க்கிறேன்.

சமூகக் காரணங்கள் உண்மை. ஜார்ஜ் பிரௌன், டிர்ரில் ஹாரிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தெற்கு லண்டனில் பெண்களிடையே செய்து 1978இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. ஒரு பெரிய இழப்போ நெருக்கடியோ வரும்போது யார் மனச்சோர்வில் விழுகிறார்கள் என்று பார்த்தார்கள். மனம் விட்டுப் பேச ஆளில்லாதவர்கள், வீட்டில் 14 வயதுக்கு உட்பட்ட மூன்று பிள்ளைகளோ அதற்கு மேலோ உள்ளவர்கள், வெளியே வேலை இல்லாதவர்கள், 11 வயதுக்குள் தாயை இழந்தவர்கள் அதிகமாக விழுந்தார்கள். ஹாரிஸும் பிரௌனும் அதோடு விடவில்லை. நெடுநாளாக மனச்சோர்வில் இருந்த 86 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு தன்னார்வலப் பெண். வாரம் ஒரு மணி நேரமாவது கூட உட்கார்ந்து பேச வேண்டும், கேட்க வேண்டும், தோழியாக இருக்க வேண்டும். ஓராண்டுக்குப் பிறகு அந்தக் குழுவில் 65 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். தோழி இல்லாத குழுவில் 39 சதவீதம். 1999இல் இது வெளியானது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் இதைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

தம்பி சொல்வதில் பாதியை நான் அப்படியே ஏற்கிறேன். கடனும் வேலையின்மையும் வெளியில்தான் தொடங்குகின்றன. ஆனால் விடிகாலை மூன்று மணிக்கு முழிப்பு வந்து மேற்கொண்டு தூங்க முடியாமல் கிடப்பது அவருடைய உடம்பு. அந்த உடம்புக்கு இப்போதே ஏதாவது செய்தாக வேண்டும். வேலைச் சூழல் மாற வேண்டும் என்று நாம் பேசிக்கொண்டே இருப்போம், அது மாறும் வரை அவர் தூங்காமல் இருக்க முடியாது. பேச்சு சிகிச்சை பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

அட்டை உங்கள் பையிலேயே இருக்கட்டும். மருத்துவரிடம் போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள், மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் அதில் இருக்கும். எந்தத் தேதியில் நிறுத்தினார், அதன் பிறகு என்னென்ன மாற்றம் வந்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். இந்தப் பதிலைத் தம்பியிடம் காட்டுங்கள். அவருக்கு என்னிடம் நேராகக் கேட்க வேண்டும் என்று தோன்றினால் எழுதச் சொல்லுங்கள், பதில் போடுகிறேன்.