நாக்கை விட்டு மூக்கைப் பிடியுங்கள்

கேள்வி: ஒயின் சுவைப்பதற்கென்றே நண்பர்கள் கூடுகிறார்கள். செர்ரி, மிளகு, புகை என்று அவர்கள் அடுக்கும்போது எனக்கோ எல்லாம் ஒரே புளிப்பாகத் தெரிகிறது. என் நாக்கில் ஏதேனும் குறையா?

பதில்: குறை நாக்கில் இல்லை, மூக்கின் வேலையையும் அதன் தலையில் கட்டியதுதான் சிக்கல். இனிப்பு, புளிப்பு, கசப்பு ஆகியவற்றோடு நாக்கின் பங்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. செர்ரியும் புகையும் மூக்குக்கு உரியவை.

கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாமல், முதலில் அசைக்காமலே முகர்ந்து பாருங்கள். பிறகு கோப்பையை மேசைமீது வைத்தபடியே காம்பைப் பிடித்து நாலைந்து முறை சுழற்றி, உடனே மூக்கை விளிம்புக்குள் கொண்டுபோய்ச் சிறு மூச்சுகளாக இழுங்கள். இரண்டு முறைக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கே தெரியும். நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை அடித்தால், பெரும்பாலும் தக்கையால் கெட்ட ஒயின் அது. அதில் வேறு மணம் தேடுவது வீண்.

அடுத்து, ஒரு தேக்கரண்டி அளவு வாயில் எடுத்து, ஈறுகளிலும் கன்னத்தின் உட்புறத்திலும் படும்படி உருட்டி, விழுங்கிய பின்னோ துப்பிய பின்னோ மூச்சை மூக்கின் வழியே விடுங்கள். தொண்டையிலிருந்து மேலேறும் அந்த மணத்தைத்தான் நாம் சுவை என்று எண்ணிக்கொள்கிறோம். பல கோப்பைகளைச் சுவைக்கும் வல்லுநர்களும் துப்பவே செய்கிறார்கள் என்பதால் கூச்சம் வேண்டாம்.

'ஒரே புளிப்பு' என்கிறீர்களே, அதில் பாதி துவர்ப்பாக இருக்கலாம் என்பது என் சந்தேகம். வாயில் எச்சில் ஊறினால் அது புளிப்பு. அதிக நேரம் ஊறிய பாலில்லாத தேநீரைக் குடித்ததுபோல ஈறு வறண்டு இழுத்தால் அது துவர்ப்பு. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் தருவது அது. சிவப்பு ஒயின் தோலோடு சேர்த்தே நொதிக்கவைக்கப்படுவதால் அதில் துவர்ப்பு மிகுதி. இரண்டையும் பிரித்தறிய, ஒரு வெள்ளை ஒயினையும் ஒரு சிவப்பு ஒயினையும் அருகருகே வைத்து மாறிமாறிச் சுவையுங்கள். தனி ஒயினை வைத்துக்கொண்டு கற்பது கடினம்.

நண்பர்களின் பட்டியலைக் கண்டு மிரள வேண்டாம். போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் பயின்ற 54 மாணவர்களிடம் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைத் தந்தபோது, அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வருணித்தார்கள் என்று 2001இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆகவே பிறர் வாய் திறக்குமுன் உங்களுக்குத் தோன்றியதை, 'பழைய மரப்பெட்டி' என்றாலும் சரி, குறித்துக்கொள்ளுங்கள். அன்று வாசனைத் திரவியம் மட்டும் பூச வேண்டாம்; பக்கத்தில் இருப்பவருக்கும் ஒயின் மணக்காமல் போய்விடும்.