எரியா, ஏரியா? ஆய்வு குறித்து வாசகர் கேள்விகள்

இலக்கியம், வரலாறு போன்ற மனிதவியல் துறைகளிலும் மருத்துவத்திலும் நடக்கும் ஆய்வுகளைப் பற்றி அண்மையில் நமக்கு வந்த கடிதங்களிலிருந்து ஐந்து கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். கடிதம் எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிடுகிறோம்.

கேள்வி: என் மூத்த மகள் தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்டத்துக்காக ஒரே நூலின் பல ஓலைச்சுவடிகளை நான்கு ஆண்டுகளாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். இளையவன் மருத்துவ மேற்படிப்புக்காக நூறு நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி ஒன்றரை ஆண்டில் ஆய்வேட்டை முடித்துவிட்டான். உறவினர்கள் வரும்போதெல்லாம் மகளிடம் "இன்னும் முடியவில்லையா?" என்று கேட்கிறார்கள், அவள் முகம் வாடிவிடுகிறது. இரண்டையும் ஆய்வு என்ற ஒரே சொல்லால் அழைப்பது பொருந்துமா? (கரூர் வாசகர்)

பதில்: பொருந்தும். ஆனால் உங்கள் மகள் செய்வது என்ன என்பதை உறவினர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியது அவசியம் என்று நினைக்கிறேன். அடுத்த முறை அவர்கள் வரும்போது இதைக் காட்டுங்கள்.

ஓலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை துளைபட்டுக் கிழியும். அந்தக் காலத்து முறைப்படி எகரத்துக்குத்தான் புள்ளி உண்டு, ஏகாரத்துக்கு இல்லை. புள்ளியே விட்டுப்போன சுவடியில் 'எரி' என்று ஓர் எழுத்துக்கோவை இருந்தால் அது நெருப்பாகவும் இருக்கலாம், நீர் நிறைந்த ஏரியாகவும் இருக்கலாம். துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டதால் 'காடு' என்பதும் 'கரடு' என்பதும் ஓலையில் ஒன்றுபோலவே தோன்றும். இப்படிப்பட்ட இடங்கள் பக்கத்துக்குப் பக்கம் வரும். அங்கே பதிப்பாசிரியர் தமக்குப் பிடித்த பாடத்தை எழுதிவிட்டுப் போக முடியாது. முந்தைய அடி 'மாரி' என்று தொடங்கினால், எதுகையில் முதலெழுத்தின் அளவு ஒத்திருக்க வேண்டும் என்ற விதிப்படி 'ஏரி' என்று கொள்ளலாம். 'கரி' என்று தொடங்கினால் 'எரி' என்று கொள்ளலாம். எதுகை துணைசெய்யாத இடத்தில் தளை (சீர்கள் ஒன்றோடொன்று இணையும் யாப்பு முறை), உரையாசிரியர் தரும் பொருள், அதே புலவர் வேறிடத்தில் ஆளும் வழக்கு, பிற சுவடிகள் காட்டும் பாடபேதம் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போகவேண்டும். இத்தனையும் ஒரு சொல்லுக்காக.

உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல ஊர்களிலிருந்து சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்டதோடு நிற்கவில்லை. அது சமண காப்பியம் என்பதால், கும்பகோணத்தில் இருந்த சமணர்களிடம் சென்று அவர்களுடைய சமயக் கருத்துகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். சைவச் சூழலில் வளர்ந்த ஒருவர், தாம் பதிப்பிக்கும் நூலின் பொருள் பிழைபடக் கூடாது என்பதற்காக வேறு சமயத்தாரின் வீட்டு வாயிலில் போய் நின்றார் என்பது என்னை எப்போதும் நெகிழச் செய்யும் செய்தி. அவருக்கு முன்பே யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை இதே பணியில் உழைத்துக்கொண்டிருந்தார்.

உங்கள் மகனும் வேறொரு வகையில் இதையே செய்திருக்கிறார். தம் ஊகம் தவறாக இருந்தால் எது அதைக் காட்டிக்கொடுக்கும் என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டுதான் நோயாளிகளைப் பார்த்திருப்பார். சான்று எங்கே கிடைக்கும், அதை எட்ட எவ்வளவு காலம் ஆகும் என்பது துறைக்குத் துறை மாறும். ஆகவே நான்கு ஆண்டையும் ஒன்றரை ஆண்டையும் ஒரே தராசில் நிறுப்பதற்கில்லை.

கேள்வி: நான் செவிலியர் படிப்பு மாணவி. புதிய மருந்தைச் சோதிக்கும்போது நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு அதைக் கொடுக்காமல் விடுகிறார்கள் என்று பாடத்தில் படித்தேன். மனம் ஏற்கவில்லை. (வேலூர் வாசகி)

பதில்: மனம் ஏற்காததில் வியப்பில்லை, நோயாளியின் படுக்கையருகே நிற்கப்போகிறவருக்கு அந்தத் தயக்கம் இருக்கத்தான் வேண்டும். இந்த முறை எப்படி வழக்கத்துக்கு வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து பயன்படக்கூடும் என்ற நம்பிக்கை பிறந்தது. பிரிட்டனுக்குக் கிடைத்த மருந்தின் அளவோ மிகக் குறைவு. எல்லோருக்கும் கொடுக்க வழியில்லை. அந்நிலையில், யாருக்குக் கொடுப்பது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், சமவாய்ப்பு எண்களின்படி (குலுக்கல் போலத் தற்செயலாக அமையும் எண்கள்) உறைகளில் எழுதி மூடிவைத்து முடிவு செய்யும் முறையைப் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் வகுத்தார். 1948-இல் வெளியான முடிவின்படி, மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 4 பேர். அன்றைய வழக்கமான சிகிச்சையான படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் இறந்தவர்கள் 14 பேர். மருந்து பலனளிக்கிறது என்பது ஐயமறத் தெரிந்தது. அதே ஆய்வுதான், கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகி எதிர்ப்பாற்றல் பெறுகின்றன என்பதையும் காட்டியது. ஒரே மருந்தை நம்பாமல் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற அறிவு அதன் வழியே வளர்ந்தது. உறையை மூடிவைக்காமல், பிழைக்கக்கூடியவர் என்று மருத்துவர் கருதியவர்களுக்கே மருந்தைக் கொடுத்திருந்தால், பிழைத்தது மருந்தாலா உடல் வலிமையாலா என்பது இன்றுவரை வாதமாகவே இருந்திருக்கும்.

இன்னொன்று நம் ஊரில் நடந்தது. காசநோயாளிகளை மலைக்காற்றும் நல்ல உணவும் ஓய்வும் கிடைக்கும் சானடோரியத்தில் வைத்துத்தான் குணப்படுத்த முடியும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்துக்கு அனுப்பப்பட்டனர். மற்றவர்கள் தம் வீட்டிலேயே இருந்து அதே மாத்திரைகளை ஓராண்டுக்கு உட்கொண்டனர். யார் எங்கே என்பதை இங்கும் சமவாய்ப்பு முறையே முடிவு செய்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு உணவும் ஓய்வும் குறைவு. ஆயினும் 1959-இல் வெளியான முடிவில், வீட்டில் இருந்தவர்கள் ஏறத்தாழ சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே தேறியிருந்தார்கள்; அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தினருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. பிள்ளைகளைப் பிரிந்து ஆண்டுக்கணக்கில் எங்கோ படுத்திருக்க வேண்டும் என்ற நிலை உலகெங்கும் மாறியதில் இந்த ஆய்வுக்குப் பெரும்பங்கு உண்டு. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குவது அந்த மையமே. இங்கே யாருக்கும் மருந்து மறுக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். பயனுள்ள சிகிச்சை ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு, அதைத் தராமல் ஒரு குழுவை வெறுமனே விட்டுவைப்பதை இன்றைய ஆய்வு நெறி பொதுவாக ஏற்பதில்லை.

கேள்வி: வரலாற்று ஆய்வில் எண்ணிக்கைக்கு என்ன வேலை என்று என் நண்பர்கள் கேட்கிறார்கள். நான் கோயில் ஆவணங்களில் வரும் பெயர்களைப் பட்டியலிட்டு எண்ண விரும்புகிறேன். (யாழ்ப்பாணத்து ஆய்வு மாணவர்)

பதில்: தயங்காமல் எண்ணுங்கள். ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா 1960-களில் திருச்சிராப்பள்ளிக்கு அருகில் உள்ள அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய இரண்டு ஊர்களின் சோழர் காலக் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டு, யார் யார் பெயரில் எந்த நிலம் இருந்தது என்று நிதானமாகப் பிரித்துப் பார்த்தார். பிராமணர் அல்லாதார் ஊரான அல்லூரில் நிலம் பொதுவுடைமையாக இருந்ததையும், பிரமதேயமான, அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக விடப்பட்ட ஊரான, ஈசானமங்கலத்தில் தனியுடைமையாக இருந்ததையும் அவர் கண்டார். சோழர் காலத்துக் கிராமம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தது என்ற எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. பிறகு எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோருடன் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களுக்கு ஓர் அடைவையே தொகுத்து 1978-இல் வெளியிட்டார். ஒரு மன்னனைப் புகழும் மெய்க்கீர்த்தியில் கிடைக்காத செய்தி, நிலத்தை விற்ற சாதாரண மனிதர்களின் பெயர்களை வரிசைப்படுத்தும்போது கிடைத்தது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கல்வெட்டில் வருகிறவர்கள் கொடுக்கவும் விற்கவும் ஏதேனும் வைத்திருந்தவர்கள். நிலமில்லாதவர் பெயர் அங்கே அரிதாகவே இருக்கும். உங்கள் ஆவணங்களில் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்பதை முதல் இயலிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு நோயாளியைப் பற்றியோ நாலைந்து பேரைப் பற்றியோ மருத்துவ இதழ்களில் எழுதுகிறார்களே, அதெல்லாம் ஆய்வாகுமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: ஆகும். 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க அரசின் நோய்க் கண்காணிப்பு வார இதழில், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த ஓர் அரிய நுரையீரல் தொற்றைப் பற்றிச் சிறு குறிப்பு வெளியானது. எய்ட்ஸ் பற்றி மருத்துவ உலகம் படித்த முதல் குறிப்பு அதுதான். ஐந்தே பேர். ஐந்தாண்டு கழித்து, 1986-இல், சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன் குழுவினர் எய்ட்ஸை உண்டாக்கும் கிருமி இந்தியாவிலும் இருப்பதை முதன்முதலாகக் கண்டறிந்தார்கள்.

கேள்வி: மருத்துவக் கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வரலாறும் மானுடவியலும் எனக்குப் பிடிக்கும். அவற்றால் மருத்துவத்துக்கு உண்மையிலேயே ஏதேனும் நன்மை விளைந்திருக்கிறதா, அல்லது பொழுதுபோக்காக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியவையா? (மதுரை வாசகி)

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத உட்கார்ந்தேன்.

பப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில் வாழும் ஃபோரே மக்களிடையே கூரு என்றொரு நோய் பரவியிருந்தது. அந்தச் சொல்லுக்கு நடுக்கம் என்று பொருள். முதலில் நடை தள்ளாடும், பிறகு உடல் நடுங்கும், ஓராண்டுக்குள் உயிர் போய்விடும். பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களுமே அதற்கு இரையானார்கள். 1957-இல் வின்சென்ட் ஸிகாஸும் கார்ல்டன் கய்டுசெக்கும் இதை உலகுக்கு அறிவித்தபோது, குடும்பம் குடும்பமாக வருவதால் பரம்பரை நோயாக இருக்கலாம் என்றே கருதப்பட்டது.

1961 முதல் அங்கே தங்கிய மானுடவியலாளர்கள் ஷெர்லி லிண்டன்பாமும் ராபர்ட் கிளாஸும் செய்தது நுண்ணோக்கியில் பார்க்கும் வேலை அன்று. ஊர் ஊராக முதியவர்களோடு அமர்ந்து, யாருக்கு யார் என்ன உறவு, இந்த நோயை முதன்முதலில் எப்போது பார்த்தீர்கள், எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். முதியவர்களுக்கு நன்றாக நினைவிருந்தது. தங்கள் காலத்தில்தான், வடக்கிலிருந்து, ஊர் விட்டு ஊர் தாண்டி நோய் வந்ததாகச் சொன்னார்கள். ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு பேரைக் கொன்ற நோய் பரம்பரையாக மட்டும் வந்திருக்க முடியாது. அடுத்து, நோயுற்றவர்கள் ஒருவருக்கொருவர் உறவினர் என்று மக்கள் சொன்னாலும், பல உறவுகள் இரத்தவழி வந்தவை அல்ல என்பது தெரிந்தது. நம் ஊரிலும் உறவே இல்லாத பக்கத்து வீட்டுக்காரரை மாமா என்று அழைப்பதில்லையா? இறந்தவர் மீதுள்ள அன்பால் அவர் உடலை உறவினர் உண்ணும் ஈமச்சடங்கு அம்மக்களிடம் இருந்தது. அதில் பெண்களும் குழந்தைகளுமே மிகுதியாகப் பங்கெடுத்தார்கள். நோய் யாரைத் தாக்கியது என்பதற்கும் சடங்கில் யார் பங்கெடுத்தார்கள் என்பதற்கும் கணக்கு ஒத்துவந்தது. நோய் தொற்றக்கூடியது என்பதை 1966-இல் சிம்பன்சிகளில் நடந்த சோதனை உறுதிப்படுத்தியது. கய்டுசெக் 1976-இல் நோபல் பரிசு பெற்றார். சடங்கு நின்றபின் பிறந்த குழந்தைகளுக்கு அந்த நோய் வரவில்லை. சோதனைக்கூடம் இல்லாமல் இது முடிவுக்கு வந்திருக்காது. அதேபோல், பாட்டிமார்களின் நினைவை மதித்துக் கேட்ட இருவர் இல்லாமலும் வந்திருக்காது.

வரலாற்று ஆய்வின் பயனுக்கு வேறொரு சான்று. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை மேகநோய் (சிபிலிஸ்) கண்ட நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களுக்கு உரிய சிகிச்சை தராமல் நோயின் போக்கை மட்டும் கவனித்துவந்த கொடுமையைப் பற்றி சூசன் ரெவர்பி என்ற வரலாற்றாசிரியர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காகப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஜான் கட்லர் என்ற மருத்துவரின் பழைய தாள்களைப் புரட்டியபோது, தாம் தேடாத ஒன்று கண்ணில் பட்டது. 1946 முதல் 1948 வரை குவாத்தமாலாவில் சிறைக்கைதிகளுக்கும் படைவீரர்களுக்கும் மனநோயாளிகளுக்கும் வேண்டுமென்றே பாலியல் நோய்க்கிருமிகளைச் செலுத்திச் சோதித்த பதிவுகள் அவை. 2010-இல் அமெரிக்க அரசு குவாத்தமாலாவிடம் மன்னிப்புக் கேட்டது.

ஆகவே பொழுதுபோக்காக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கல்லூரி மருத்துவமனையில் பழைய நோயாளிப் பதிவேடுகள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்று பதிவறைப் பொறுப்பாளரிடம் இந்த விடுமுறையிலேயே கேட்டுப் பாருங்கள். கரையான் அரிப்பதற்குள் அவற்றைப் படிக்க உங்கள் பேராசிரியரின் கையொப்பத்தோடு ஓர் அனுமதிக் கடிதம் கொடுங்கள்.