சித்தப்பா மகளும் மாமா மகளும்

அன்புள்ள ஐயா,

என்னோடு வேலை பார்க்கும் நண்பர் உருது பேசும் இஸ்லாமியர். அவர் மனைவி அவருடைய சித்தப்பா மகள் என்று போன வாரம்தான் தெரிந்தது. தங்கச்சி ஆயிற்றே என்று எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது, அதை முகத்திலும் காட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்த வட இந்தியத் தோழி, "உனக்கு மாமா பெண்ணைப் பேசுகிறார்கள் என்றாயே, அவளும் தங்கைதானே?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. அம்மாவோ, "முறைப்பெண்ணைக் கட்டுவதில் என்ன தப்பு?" என்கிறார். யார் சொல்வது சரி?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

முதல் வேலையாக உங்கள் நண்பரிடம் வருத்தம் தெரிவித்துவிடுங்கள். யாரை மணக்கக் கூடாது என்று குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் 23ஆம் வசனம் வரிசையாகச் சொல்கிறது. அதில் சித்தப்பா மகளும் இல்லை, மாமா மகளும் இல்லை. ஆனால் சகோதரியின் மகள் இருக்கிறாள். நம்மில் அக்கா மகளைக் கட்டியவர்கள் எத்தனை பேர்! அதைக் கேட்டால் அவருக்கும் உங்களைப் போலவே கூசும்.

உங்களுக்கு வந்த கூச்சம் பொய்யில்லை. நடை பழகும் குழந்தைக்கே நாம் முறை சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். பெரியப்பா, சித்தப்பா என்ற சொற்களுக்குள்ளேயே அப்பா இருக்கிறார். அவர்கள் பிள்ளைகள் அண்ணன், அக்கா, தங்கச்சி. மாமா மகளை அப்படிக் கூப்பிட நம்மை யாரும் விட்டதில்லை. உங்கள் தோழி வளர்ந்த வீட்டில் மாமா மகளும் 'பெஹன்'தான், அதாவது சகோதரிதான். ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டுச் சொல்லே உடம்பில் ஊறிக் கிடக்கிறது.

இந்தச் சண்டையும் பழசு. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது தென்னாட்டார் வழக்கம் என்று பழைய சமஸ்கிருத அறநூலான பௌதாயன தர்மசூத்திரமே தனியாகக் குறிக்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் ஒருவரையொருவர் மணப்பதைத் தடுக்கிறது, வழக்கம் இருந்தால் விட்டுக்கொடுக்கிறது. நம் திருமணங்கள் செல்லுபடியாவது அந்த ஒரு விலக்கால்தான். பைபிளில் யாக்கோபு மணந்த லேயாளும் ராகேலும் அவருடைய தாய்மாமன் லாபானின் மகள்கள், நம் கணக்கில் அசல் முறைப்பெண்கள். அதே பைபிளைப் படிக்கும் கத்தோலிக்கத் திருச்சபையோ இப்படிப்பட்ட திருமணத்துக்குச் சிறப்பு அனுமதி வாங்கி வா என்கிறது. சீனாவில் 1980ஆம் ஆண்டுச் சட்டம் அப்பா பக்கம், அம்மா பக்கம் இரண்டையும் சேர்த்தே தடை செய்தது.

சரி, முறை விஷயம் இவ்வளவுதான். எனக்குக் கவலை வேறு இடத்தில். சில வருடங்களுக்கு முன் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று மரபணு ஆலோசகரிடம் கூடப் போயிருந்தேன். அவர் ஒரு தாளில் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கணவன் மனைவியைச் சேர்க்க ஒரு கோடு. சொந்தத்துக்குள் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. மூன்று தலைமுறையில் மூன்று இரட்டைக் கோடுகள் விழுந்தன. "எல்லாமே முறைதான் டாக்டர்" என்றார் பாட்டி. ஆலோசகர் தலையாட்டிக்கொண்டே நான்காவதையும் போட்டார். சித்தப்பா மகளைக் கட்டியிருந்தாலும் அதே இரட்டைக் கோடுதான் விழுந்திருக்கும்.

ஏனென்றால் மாமா மகளானாலும் சித்தப்பா மகளானாலும் உங்களோடு சராசரியாகப் பகிர்வது எட்டில் ஒரு பங்கு மரபணு. ஒரே குறைபாட்டு மரபணு தாய், தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் பிள்ளைக்கு வந்து சேர அதனால் வாய்ப்பு கூடுகிறது. சொந்தமில்லாத தம்பதிக்குப் பிறவிக் குறைபாட்டுக்கான வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 3 என்றால், இங்கே அது 5, 6 வரை போகும். பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கிறார்கள் என்பதும் இதே கணக்குதான். ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கட்டினால் இது ஏறிக்கொண்டே போகும். அக்கா மகள் என்றால் பங்கு நான்கில் ஒன்று.

டார்வின் 1839இல் மணந்த எம்மா அவருடைய தாய்மாமன் மகள். பத்துப் பிள்ளைகளில் மூவர் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். சொந்தத்தில் கட்டியதுதான் காரணமோ என்று அவர் மனதைப் போட்டுக் குழப்பிக்கொண்டார். பிரிட்டனின் 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதையும் ஒரு கேள்வியாகச் சேர்க்க முயன்றார், நாடாளுமன்றம் ஒப்பவில்லை. அவருக்குக் கிடைக்காத பரிசோதனை இன்று உங்களுக்குக் கிடைக்கிறது. அம்மா, அப்பா இருவரும் சொந்தமா, தாத்தா பாட்டி சொந்தமா என்று விசாரியுங்கள். அப்புறம், நாள் குறிக்கும் முன்பே, இரண்டு பேருமாக ஒரு ஆலோசகரைப் பாருங்கள்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உங்கள் அம்மா பேசுகிறார், தோழி பேசுகிறார், மாமா மகள் பேசவே இல்லை. தொட்டிலிலேயே "உன் பொண்டாட்டி" என்று சொல்லி வளர்த்த வீடுகளில் வேண்டாம் என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு வாய் வராது, தன் அப்பாவுக்கும் அத்தைக்கும் நடுவில் பகை வந்துவிடும் என்று பயப்படுவாள். நீங்களே தனியாகக் கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால், மறுத்தது நீங்கள்தான் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.