எல்லாமே நார்மல் – ஒரு கடிதம்

அன்புள்ள மேடம்,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறவன். இதுவரை எழுதியதில்லை. எனக்கு வயது 64, மகளுக்கு 31. நான்கு வருடத்துக்கு முன் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் போய்விட்டது, ஆனால் அவள் பழையபடி ஆகவேயில்லை. வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து இருக்கிறாள். உடம்பெல்லாம் வலி, நின்றால் தலைசுற்றல். புத்தகத்தை எடுத்தால் படித்த வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறாள். தலைக்குக் குளித்தால் அதற்கப்புறம் படுக்கைதான். பார்க்காத டாக்டர் இல்லை. ரத்தம், ஸ்கேன், இதயம், நரம்பு எல்லாம் பார்த்தாகிவிட்டது. எல்லாமே நார்மல். கடைசியாகப் பார்த்தவர், "வேலைக்குப் போகச் சொல்லுங்கள், தானாகச் சரியாகிவிடும்" என்றார்.

அவளை எதுவும் சொல்லக் கூடாது என்கிறாள் என் மனைவி. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. காலையில் எழுப்பி நடக்கக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு நாள் வந்தாள், அப்புறம் ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தோழி வந்திருந்தாள். இரண்டு மணி நேரம் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம். செவ்வாய்க்கிழமை, சாப்பிட்ட தட்டைக் கழுவக்கூட முடியவில்லை என்றாள். இவள் நடிக்கிறாளோ என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நான் விரட்ட வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா? இன்னும் எத்தனை டாக்டர்களைப் பார்ப்பது? எனக்குப் பிறகு இவளை யார் பார்த்துக்கொள்வார்கள்?

க.

*

அன்புள்ள ஐயா,

மற்ற வாசகர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். மகளிடம் காட்டி, அவர் சம்மதித்தால்தான் இந்தக் கடிதத்தை வெளியிடுவேன் என்று எழுதியிருந்தேன். காட்டியிருக்கிறீர்கள். அவர் ஒரு பத்தியை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். "நடிக்கிறாளோ" என்ற வரியை அவர் எடுக்கச் சொல்லவில்லை. அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. கடிதத்தைப் படித்து நோயைச் சொல்ல டாக்டராலும் முடியாது. ஆனால் உங்களைச் சந்தேகப்பட வைத்த அந்த ஞாயிறு–செவ்வாய் விஷயம் மருத்துவத்தில் நன்றாகவே தெரிந்த ஒன்று. எம்.இ. என்றும் நாள்பட்ட களைப்பு நோய் என்றும் சொல்லப்படும் நோயின் முக்கியமான அடையாளமே அதுதான். உடம்பையோ மூளையையோ தன் அளவுக்கு மேல் உழைக்க வைத்தால், பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து உடம்பு விழும். விழுந்தால் எழுந்திருக்க நாட்கள் ஆகும், சில சமயம் வாரங்கள். பேசிச் சிரிப்பதும் உழைப்புதான். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இப்படி ஆனவர்கள் நிறைய உண்டு, கொரோனாவுக்குப் பிறகு இன்னும் அதிகம். மகளுக்கு இருப்பது இதுதான் என்று நான் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் விழுந்ததால் ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு பொய்யாகிவிடாது, அந்தச் சிரிப்பை வைத்துச் செவ்வாய்க்கிழமையைச் சந்தேகிக்கவும் முடியாது என்கிறேன், அவ்வளவுதான்.

விரட்டலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். நடைப்பயிற்சிக்கு நீங்களே பதில் எழுதியிருக்கிறீர்கள்: இரண்டு நாள் நடை, ஒரு வாரப் படுக்கை. இந்த நோய்க்கு, வாரா வாரம் உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சை பிரிட்டனில் பல வருடம் நடைமுறையில் இருந்தது. அந்த நாட்டின் மருத்துவ வழிகாட்டி நிறுவனமான நைஸ், 2021 அக்டோபரில் வெளியிட்ட புதிய நெறிமுறையில் அதைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. இப்போது சொல்லப்படுவது, விழும் எல்லை எது என்று கண்டுகொண்டு அதற்குள்ளேயே இருப்பது. நல்ல நாளிலும் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு நிறுத்துவது. சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. நன்றாக இருக்கும் நாளில் நிறுத்தத்தான் யாருக்கும் மனசு வராது.

நம்பாமல் போவதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஊழியர்களுக்குத் தொற்றுபோல ஒரு நோய் பரவியது. கிட்டத்தட்ட 300 பேர், பெரும்பாலும் நர்ஸுகளும் டாக்டர்களும். எம்.இ. என்ற பெயரே அதைத் தொடர்ந்து வந்ததுதான். 1970இல் இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய மருத்துவக் குறிப்புகளை மட்டும் படித்துவிட்டு, அது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பது. இது ஒரு தீவிரமான உடல்நோய் என்று அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் என்ற அமைப்பின் அறிக்கை திட்டவட்டமாகச் சொன்னது 2015இல். "வேலைக்குப் போகச் சொல்லுங்கள்" என்ற டாக்டர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படி.

"நார்மல்" பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல ரத்தப் பரிசோதனைகளில் ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு 95 பேருடைய அளவு எதற்குள் அடங்குகிறதோ அதைத்தான் நார்மல் என்று வைக்கிறார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகள் செய்தால், நோயே இல்லாதவருக்கும் ஏதாவது ஒன்று எல்லை தாண்டி வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. அதனால் எல்லாவற்றையும் இன்னொரு முறை எடுத்துப் பார்ப்பது எப்போதும் நல்லதல்ல, இல்லாத நோயைத் துரத்த ஆரம்பித்துவிடுவோம். மறுபக்கம், தேடியது கிடைக்கவில்லை என்று மட்டும்தான் நார்மல் ரிப்போர்ட் சொல்லும். தேடாததைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. உதாரணத்துக்கு, நின்றால் தலைசுற்றல் என்கிறீர்கள். ஈசிஜி எடுப்பது படுக்க வைத்து. படுத்திருக்கும்போது நாடித்துடிப்பை எண்ணிவிட்டு, பத்து நிமிடம் நிற்க வைத்து இடையிடையே எண்ணிப் பார்த்தார்களா? ரத்த அழுத்தம் பெரிதாகக் குறையாமல், துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் ஏறி அங்கேயே நின்றால், பெரியவர்களுக்கு அது கவனிக்க வேண்டிய விஷயம். பாட்ஸ் என்று அதற்கொரு பெயரும் கட்டுப்படுத்த வழிகளும் உண்டு. டாக்டர் முன்னால் செய்யச் சொல்லுங்கள். நிற்கும்போது மயங்கி விழுகிறவர்கள் உண்டு.

எத்தனை டாக்டர்கள் என்றால், ஒருவர். முழுக் கதையும் தெரிந்த ஒரு பொது மருத்துவர். அவர் கெட்டிக்காரராக இருப்பதைவிட, "எனக்குத் தெரியவில்லை, ஆனால் தொடர்ந்து பார்ப்போம்" என்று சொல்லத் தெரிந்தவராக இருந்தால் போதும். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: எந்த மாற்றம் தெரிந்தால் உடனே வர வேண்டும், மறுபடி பரிசோதிக்க வேண்டும்? காரணமில்லாமல் எடை குறைவது, விடாத காய்ச்சல், ஒரு பக்கம் மரத்துப்போவது, மயக்கம் போட்டு விழுவது இதெல்லாம் காத்திருக்கக் கூடாதவை. போகும்போது தடி ஃபைலை நீட்டாதீர்கள், யாரும் படிப்பதில்லை. ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். "ரொம்பக் களைப்பு" என்று எழுதினால் டாக்டர் தலையாட்டுவார். "ஏழு நிமிடம் நின்றால் உட்கார வேண்டியிருக்கிறது, தலைக்குக் குளித்தால் மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை" என்று எழுதினால் பேனாவை எடுப்பார். அப்புறம், பேச வேண்டியது மகள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். 31 வயதுப் பெண்ணின் உடம்பைப் பற்றி அப்பா பதில் சொல்லிக்கொண்டிருந்தால், டாக்டரும் அப்பாவையே பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவார்.

மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்றும் கேட்பார்கள். நான்கு வருடம் படுத்தால் யாருக்கும் மனசு உடையும். அதற்கு மருந்து எடுத்துக்கொள்வதால் உடம்பின் நோய் கற்பனை என்று ஒப்புக்கொண்டதாக ஆகாது. தேவைப்பட்டால் போகட்டும், அவர் விருப்பம்.

உண்மையில் நான் சொல்ல நினைத்தது வேறு. உங்கள் கடிதத்தில் நீங்கள் அவர் அறை வாசலில் நிற்கிறீர்கள். எழுந்தாளா, சிரித்தாளா, தட்டைக் கழுவினாளா என்று கணக்கெடுக்கிறீர்கள். அன்பினால்தான். ஆனால் உள்ளே படுத்திருப்பவருக்கு அது தினசரிப் பரீட்சை. கொஞ்சம் நன்றாக இருக்கும் நாளில் நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொள்ளவே பயம் வந்துவிடும். காட்டினால் மறுநாளும் எதிர்பார்ப்பீர்களே. டாக்டரிடம் நிரூபித்து, உறவினரிடம் நிரூபித்து, வீட்டுக்குள்ளும் நிரூபிக்க வேண்டும் என்றால் அவர் எங்கே போவார்? நோய்க்குப் பெயர் கிடைக்கட்டும், அப்புறம் நம்பிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டால், பெயர் கிடைக்காமலே போகவும் கூடும். இப்போதே நம்பிவிடுங்கள். "இன்றைக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்பதைக் கொஞ்சநாள் நிறுத்திப் பாருங்கள். "இன்றைக்கு நான் எதைச் செய்யட்டும்?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று போய்விடுங்கள். உறவினர்களுக்கு, "வைத்தியம் நடக்கிறது" என்ற இரண்டு வார்த்தை போதும். அவர்களுக்குப் பாடம் எடுக்க உங்களுக்குத் தெம்பு வேண்டாமா?

ரான் டேவிஸ் என்று ஒரு விஞ்ஞானி. ஸ்டான்ஃபோர்டில் மரபணு ஆய்வில் பெரிய பெயர். அவருடைய வளர்ந்த மகன் இதே எம்.இ.யால் பேசவும் சாப்பிடவும் முடியாத நிலைக்குப் போனார். அப்பா தன் ஆராய்ச்சியையே இந்த நோயின் பக்கம் திருப்பினார். ரத்த அணுக்களை வைத்து இந்த நோயைக் கண்டறிய முடியுமா என்று 20 நோயாளிகளையும் 20 ஆரோக்கியமானவர்களையும் ஒப்பிட்டு 2019இல் அவர் குழு ஒரு ஆய்வை வெளியிட்டது. ஆய்வுக்கூடமே கையில் இருந்த அப்பாவும் மகனைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டேதான் தேட வேண்டியிருந்தது. இவ்வளவு செய்தும் கண்டுபிடிக்கவில்லையே என்று உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ள ஆரம்பித்தால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் பிறகு யார் என்பதை என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். மகளிடம் கேட்டீர்களா? உங்களைவிட அதிகமாக அவர் அதை யோசித்திருப்பார், உங்களிடம் சொல்லப் பயந்து வைத்திருப்பார். பணம் எங்கே இருக்கிறது, மருந்து விவரம் என்ன, உங்களுக்கு முடியாமல் போனால் முதலில் யாரைக் கூப்பிடுவது என்பதை அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். இரண்டாவது ஆள் ஒருவரை இப்போதே பழக்குங்கள். மாதத்தில் ஒரு நாள் அவர் வந்து பார்த்துக்கொள்ளட்டும், நீங்களும் உங்கள் மனைவியும் உங்களுக்கான டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பேசி முடிக்க வேண்டாம். அவர் நேரத்தைச் சொல்லட்டும், கால் மணி நேரத்தில் நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை அடுத்த வாரம் பேசலாம்.